சிமெண்டுப் பூநாரைகள்

பங்குனி பிறந்தால் வடக்கே திரும்புகிற பூநாரைகள் வேலங்குளம் ஏரியில் இறங்கிப் போகும். இந்த வருஷம் ஒன்றுகூட இறங்கவில்லை. சேர்மன் சதாசிவத்தின் சாயப்பட்டறைக் கழிவு கலந்த தண்ணீரில் எது இறங்கும்?

ஆனால் பறவை பார்க்கக் கலெக்டர் அம்மா வருகிறாரே! சேர்மன் அசரவில்லை. சிமெண்டில் பூநாரை செய்து, ரோஸ் பெயிண்ட் அடித்து, ஏரிக்குள் நட்டுவிட்டார்.

வருகிறவர்களுக்குப் பறவை காட்டிப் பிழைப்பவள் பவுனம்மா. அவளைக் கூப்பிட்டார். "எல்லாம் நிஜப் பறவைன்னு சொல்லணும். மாத்திச் சொன்னே, அப்புறம் இந்தக் கரையில கால் வைக்க முடியாது."

"அப்படியே சொல்றேங்கய்யா."

அப்படியேதான் சொன்னாள். கலெக்டர் பைனாகுலரில் வெகுநேரம் பார்த்தார்.

"ஏம்மா, ஒண்ணுகூட அசையலையே?"

சேர்மன் முறைத்தார்.

"நிஜப் பறவைதாங்கம்மா, சேர்மன் ஐயா மேல சத்தியம்," என்றாள் பவுனம்மா பவ்யமாக. "வந்து இறங்கி, இந்தத் தண்ணிய ஒரு வாய் குடிச்சுதுங்க. நின்னது நின்னபடி உசுரு போயிருச்சுங்க."

சேர்மன் வாயைத் திறந்தார். தண்ணீர் நல்லது என்றால் பறவை பொய். பறவை நிஜம் என்றால் தண்ணீர் விஷம். கலெக்டர் குனிந்து பாட்டிலில் தண்ணீர் மொண்டார். நீலமாக இருந்தது.

பட்டறைக்குப் பூட்டு விழுந்தது. பவுனம்மா இன்னும் கரையில்தான் நிற்கிறாள், வானத்தைப் பார்த்தபடி. துணைக்குச் சிமெண்டுப் பறவைகள் மட்டும்.