செவ்வாய்மேல் விழுந்த பழி

செவ்வாய்க்கு அநியாயம் நடந்தது. பூமியில் எந்தப் பெண்ணின் கல்யாணம் தட்டிப்போனாலும் அவன் பெயரைச் சொன்னார்கள். ஜாதகத்தில் அவன் இருக்கும் இடம் சரியில்லை, தோஷம் என்றார்கள். அத்தனை கோடி மைல் தள்ளி இருப்பவன் இங்கே ஒரு சம்பந்தத்தை எப்படிக் கலைப்பான் என்று யாரும் கேட்கவில்லை.

ஒரு காலத்தில் புதன், வெள்ளி, பூமி, செவ்வாய் நான்கு பேரும் சூரியனைச் சுற்றி ஒரே புழுதியில் புரண்டு வளர்ந்தவர்கள். நால்வருக்கும் கல்லுடம்பு. பூமிக்கும் கடைக்குட்டி செவ்வாய்க்கும் தண்ணீர் என்றால் உயிர். யார் ஆற்றில் வெள்ளம் அதிகம் என்று ஓயாத வாக்குவாதம். அக்கா பெரும்பாலும் விட்டுக்கொடுத்துவிடுவாள். பிறகு அவனிடம் தண்ணீர் வற்றியது. ஆறு ஓடிய தடத்தை மட்டும் அவன் அழியாமல் வைத்துக்கொண்டான்.

இரண்டு வருஷத்துக்கொரு முறை பூமி உள்வட்டத்தில் ஓடிவந்து அவனைத் தாண்டிப்போவாள். அப்போதுதான் இருவருக்கும் பேச்சு. எப்போதும் அந்தப் பழைய வெள்ளக் கதைதான். இந்த முறை அவன் அதைத் தொடவில்லை.

"அக்கா, உன் பிள்ளைகளுக்கு நான் என்ன முறை என்று நீ சொல்லியிருக்கிறாயா?"

பூமி மழுப்பினாள். பெரிய குடும்பம், ஆளுக்கொன்று பேசத்தான் செய்வார்கள், இதையெல்லாம் பெரிதுபடுத்தாதே என்றாள்.

வெள்ளிக்குச் சிரிப்பு வந்தது. தன் மேகமெல்லாம் அமிலம், தரையோ ஈயம் உருகும் சூடு, ஆனாலும் கல்யாண யோகத்துக்குத் தன்னைத்தான் கொண்டாடுகிறார்கள் என்றாள். மூச்சுவிடக் காற்றில்லாத தன்னைப் படிப்புக்கு அதிபதி ஆக்கியிருப்பதைப் புதன் சொன்னான். "புகழை நாங்கள் வேண்டாமென்றோமா? நீயும் பேசாமல் பழியை வாங்கிக்கொள்ளடா."

செவ்வாய் சிரிக்கவில்லை. "உங்கள் பெயரைச் சொல்லி யாரும் எந்தப் பெண்ணையும் அழவைக்கவில்லையே. அக்கா, நீ பதில் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த முறை நான் உன்னைத் திரும்பிப் பார்க்க மாட்டேன். வெள்ளக் கதை பேச வேறு ஆளைத் தேடிக்கொள்."

பூமிக்குத் தைத்தது. அந்த வெள்ளத்தைப் பார்த்தவன் அவன் ஒருவன்தான். அவனும் போய்விட்டால் தன் சின்ன வயதைப் பற்றி அவள் யாரிடம் பேசுவாள்?

"எனக்கென்று தனியாக வாய் ஏதடா?" என்றாள் மெதுவாக. "என் பிள்ளைகள் பேசினால்தான் நான் பேசின மாதிரி."

அன்று சாயங்காலம் ஒரு மொட்டைமாடியில் லோசனியைப் பெண் பார்க்க வந்தவர்கள் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். லோசனி கல்லூரியில் பாறைகளைப் பற்றிப் படிப்பவள். எல்லாம் பேசி முடித்தபின் பையனின் அம்மா தோஷத்தை எடுத்தார். அதற்கு வழி இருக்கிறதாம். முதலில் பெண்ணை ஒரு வாழைமரத்துக்குக் கட்டிவைத்து, மரத்தை வெட்டிவிட வேண்டுமாம். அப்புறம் அந்தச் செவ்வாய் வாசல் பக்கமே வரமாட்டானாம்.

லோசனியின் அப்பா தலையாட்டிவிட்டார்.

கிழக்கே செவ்வாய் சிவப்பாக எழுந்து நின்றான். பூமி மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

லோசனி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"அத்தை, பூமியை நாம் தாய் என்றுதானே சொல்கிறோம்? அவள் கூடப் பிறந்தவர்தான் அதோ நிற்கிறார். அப்படியென்றால் அவர் எனக்குத் தாய்மாமன். மாமன் வந்து மாலை எடுத்துக் கொடுக்காமல் எங்கள் வீட்டில் கல்யாணம் நடக்காது."