தாராபுரத்துக் கண்ணீர்

சினிமாவில் அப்பா வேடம் என்றால் மருதாசலம்தான். அதற்கு முன்னால் அவர் அடியாள். அதற்கும் முன்னால் கூட்டத்தில் ஒருவன். எல்லாவற்றுக்கும் முன்னால், உடுமலை வடிவாம்பாளின் நாடகக் கம்பெனியில் திரை இழுக்கச் சேர்ந்து, அந்த அம்மாவிடமே நடிப்புக் கற்று மேடையேறியவர்.

அன்று படப்பிடிப்பு பாதியில் நின்றதும் மருதாசலம் நேராக வடிவாம்பாள் வீட்டுக்கு வந்தார். அம்மா முறத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பார்வை மங்கிவிட்டது. ஆனாலும் செருப்பைக் கழற்றும் சத்தத்திலேயே ஆளைக் கண்டுகொண்டார்.

“வா மருதா. சாப்பிட்டியா?”

“அப்புறம் சாப்பிடறனுங்க. மனசு சரியில்லீங்கம்மா.”

“என்ன கண்ணு?”

“மக மடியில உயிர் விடற காட்சிங்க. காலையில இருந்து எடுத்தாங்க. டைரக்டர் திட்டியிருந்தாலும் பரவாயில்ல. இன்னொருக்கா, இன்னொருக்கான்னே இருந்துட்டு, நாளைக்கு வெச்சுக்கலாம்னுட்டாருங்க. நான் செத்துட்டிருக்கேன், லைட்மேன் கொட்டாவி விடறாரு.”

அம்மா சிரிக்கவில்லை.

“தாராபுரம் சந்தைப்பேட்டையில நாம போட்ட நாடகம் ஞாபகம் இருக்குங்களா? நான் உங்க மகனா வந்து செத்தப்ப கொட்டகையே அழுதுச்சே! மறுநாள் டீ குடிக்கப் போனா ஒரு கிழவி ஓடி வந்து, ‘உசுரோட இருக்கியா சாமி’ன்னு கன்னத்தத் தடவுச்சுங்க. இப்ப நெனச்சாலும் ஒடம்பு சிலுக்குது. அந்த நடிப்பு எங்கீங்கம்மா போச்சு? இனிமேல் வேண்டாம்னு சொல்லிட்டு வீட்டுல இருந்துக்கலாமான்னு பாக்கறேன்.”

“எங்கே, இப்பச் செஞ்சு காட்டு.”

மருதாசலம் வெறும் தரையில் படுத்தார். கடைசி வசனத்தைச் சொன்னார். மூச்சு இழுத்தது, விக்கியது, நின்றது. தலை சாய்ந்தது.

கீரை உருவும் சத்தம் மட்டும் கேட்டது. கொஞ்ச நேரம் பொறுத்து ஒற்றைக் கண்ணைத் திறந்தார்.

“நல்லாத்தான் சாகறே,” என்றார் வடிவாம்பாள்.

“அப்புறம் ஏங்கம்மா யாரும் அழல?”

“தாராபுரத்துலயும் உன்னைப் பாத்து யாரும் அழல.”

மருதாசலம் எழுந்து உட்கார்ந்தார்.

“அன்னிக்கு உனக்குக் காய்ச்சல். எங்கிட்டச் சொல்லாம மேடையேறிட்டே. மடியில தலைய வெச்சதும் நெத்தி அடுப்பாட்டம் சுட்டுது. எனக்கு வசனமே மறந்துபோச்சு. ஊரான் பெத்த பையன், நெசமாவே போயிருவானோன்னு பயந்து அழுதேன். சனம் என்னைப் பாத்து அழுதுச்சு.”

அன்று நெற்றியில் பதிந்த அம்மாவின் உள்ளங்கைக் குளிர்ச்சி மருதாசலத்துக்கு இன்னும் நினைவிருந்தது. அம்மா எவ்வளவு பிரமாதமாக நடிக்கிறார் என்றுதான் அப்போது நினைத்திருந்தார்.

முறத்துப் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார்.

“அப்ப நாளைக்கு நான் என்னங்கம்மா பண்ணட்டும்?”

காம்புகளை ஒதுக்கிவிட்டு வடிவாம்பாள் முறத்தைக் கீழே வைத்தார்.

“உன்னை மடியில போட்டு அழற அந்தப் பொண்ணு பேரென்ன, மருதா?”

மருதாசலம் வாயைத் திறந்தார். காலையிலிருந்து அவள் மடியில்தான் கிடந்திருந்தார். பெயர் வரவில்லை.