ஆந்தையின் கழுத்து

பறவைகளுக்கு வாயும் வார்த்தையும் இருந்த அந்தக் காலத்தில், ஆந்தையின் கழுத்தும் மற்றப் பறவைகளின் கழுத்தைப் போல அளவாகத்தான் திரும்பும். ஆற்றங்கரை இலுப்பை மரத்தில் பறவைகளுக்கென்று ஒரு மடம் இருந்தது. மடாதிபதி ஒரு கிழக் கழுகு. தனக்குப் பின் பட்டத்துக்கு அவர் தேர்ந்தெடுத்தது சொக்கன் என்ற ஆந்தையை.

சொக்கன் சரியான பயந்தாங்கொள்ளி. இலை விழுந்தாலும் இறகு சிலிர்க்கும். ஆனாலும் ஆறு வருஷம் ஒருவேளைச் சாப்பாடு, வாரத்தில் மூன்று நாள் மௌனம், மார்கழிக் குளிரில் தண்ணீரில் நின்று ஜபம் என்று எல்லாவற்றையும் தாங்கிவிட்டான். பயந்தவனுக்குக் கீழ்ப்படிவது சுலபம்.

துறவு வாங்கும் நாள் வந்தது. பெற்றவர்கள் யாரும் அந்தப் பக்கம் வரக் கூடாது என்பது மடத்துக் கட்டளை. விடியற்காலையில் சொக்கன் ஆற்றில் முழுகி, காவி கட்டி, தனக்குத் தானே பிண்டம் வைத்தான். உயிரோடு இருக்கும்போதே தன் கருமத்தைத் தானே செய்துவிட வேண்டும். எள்ளை இறைக்கும்போது கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

"இனிமே நீ யாருக்கும் பிள்ளை இல்லை" என்றார் கழுகுச் சாமி. "நான் மரத்தடியில இருப்பேன். நாணல் வழியா நடந்தே வா. பறக்கக் கூடாது, திரும்பிப் பார்க்கவும் கூடாது. பின்னாலே உன் பழைய பேரைச் சொல்லிக் கூப்பிடும். உங்க அம்மா குரல்லயே கூப்பிடும். எல்லாம் மாயை. திரும்பினா பட்டம் போச்சு, பட்ட பாடும் போச்சு."

நாணல் தலைக்கு மேல் அடர்ந்து நின்றது. சொக்கன் தனியே நடந்தான். பத்தடி போயிருப்பான்.

"சொக்கா!"

அம்மா குரலேதான். மாயை, மாயை என்று முணுமுணுத்துக்கொண்டே நடந்தான்.

"டேய் சொக்கா, பாம்புடா!"

மாயைக்கு இப்படிக் குரல் உடையுமா? பின்னால் மணல் சரசரத்தது. திரும்பினால் பட்டம் போகும். திரும்பாவிட்டால்?

"ராசா..." என்ற மூன்றாவது அழைப்பு பாதியில் நின்றது. பிறகு சத்தமே இல்லை.

அதுதான் அவனை அதிகம் பயமுறுத்தியது. உடம்பைத் திருப்பப் பயம், பார்க்காமல் இருக்கவும் பயம். காலை முன்பக்கமே ஊன்றிக்கொண்டு கழுத்தை மட்டும் திருப்பினான். பயந்தவனுக்குச் சட்டத்தில் சந்து தெரியாமல் போகுமா? நரம்பெல்லாம் முறுக்கிக்கொள்ள, தலை முதுகுப் பக்கமே வந்துவிட்டது.

ஓரடி பின்னால், அவன் கால்தடத்தின் மேலேயே, நாகத்தின் சுருளுக்குள் அம்மா கிடந்தாள். கட்டளை போட்டால் பெற்ற மனம் கேட்குமா? ஒளிந்திருந்து பார்க்க வந்திருக்கிறாள். பாம்பு குறிவைத்தது அவனை. பறந்து தப்பிக்கட்டும் என்றுதான் அவள் அப்படிக் கத்தியிருக்கிறாள். அவன் பறக்க மாட்டான் என்று தெரிந்ததும் நடுவில் வந்து விழுந்துவிட்டாள்.

சொக்கன் போட்ட அலறலில் கழுகுச் சாமி பாய்ந்து வந்து பாம்பைக் கிழித்தார். அம்மாவுக்கு மூச்சு இல்லை. சாமி குனிந்து மணலைப் பார்த்தார்.

"கால் திரும்பலையேப்பா. பட்டம் உனக்குத்தான்" என்றார் மெதுவாக.

"எனக்கு எதுக்கு சாமி?" சொக்கன் காவியை அங்கேயே உதறிவிட்டுப் பறந்தான்.

ஆந்தை கிளையில் அசையாமல் உட்கார்ந்து தலையை மட்டும் முதுகுப் பக்கம் திருப்புவதும், கண்ணை அகல விரித்தே வைத்திருப்பதும் அந்த விடியலில் தொடங்கியதுதான். அது அலறினால் சாவைக் கூப்பிடுகிறது என்று நாம் கதவைச் சாத்திக்கொள்கிறோம். பாவம், அம்மா அன்றைக்கு மூன்று தரம் கூப்பிட்டாளே, அதற்கு இன்னும் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது.