பேரிடி என்று பெயர் வாங்கிய கரடி

ஒரு காட்டில் உப்பு இருந்தது. காட்டில் ஏது உப்பு என்று கேட்கிறீர்களா, குழந்தைகளே? மலையடிவாரத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு மண் திட்டு. நக்கினால் கரிக்கும். அதை நக்குவதற்காகவே மானும் காட்டெருமையும் முள்ளம்பன்றியும் மூன்று மலை தாண்டி வரும்.

திட்டுக்கு நேர் மேலே செங்குத்தான பாறை. பாறையின் நெற்றியில் பதினேழு தேனடைகள், ஒவ்வொன்றும் முறம் அகலம். மலைத்தேனீக்களுக்கு மூக்குக்கு மேல் கோபம். ஒரு தும்மல் போதும், கிளம்பிவிடும். அதனால் உப்புத் திட்டில் ஒரே ஒரு சட்டம்: யாரும் குரலை உயர்த்தக் கூடாது. புலிகூட அங்கே வந்தால் கொட்டாவியைப் பாதியில் விழுங்கிவிடும்.

சிரிப்பு வந்தால்? வாயை இறுக மூடிக்கொண்டு வயிறு குலுங்க வேண்டியதுதான்.

அந்தக் காட்டில் சடையன் என்று ஓர் இளங்கரடி. ரோஷக்காரன். ஒருநாள் தேன் எடுக்க வேங்கை மரத்தில் ஏறி, கிளை ஒடிந்து கீழே விழுந்தான். அதை ஒரே ஓர் ஆள்தான் பார்த்தது. யார் பார்க்கக் கூடாதோ, அந்த ஆள். கரிச்சான்.

கரிச்சான் என்றால் வால் இரண்டாகப் பிளந்த கறுப்புக் குருவி. கேட்ட குரலை எல்லாம் அச்சு அசலாகத் திருப்பிச் சொல்லும். யானை மாதிரிப் பிளிறி முயல்களை ஓடவிடும். தாய்க்குரங்கின் குரலில் "டேய், சாப்பிட வாங்கடா!" என்று கூப்பிட்டுப் பதினைந்து குட்டிகளை வெறும் மரத்தில் ஏறவைக்கும். குறும்புதான் அதற்குச் சாப்பாடு.

மறுநாள் சடையன் உப்புத் திட்டுக்கு வந்தான். கிளையில் இருந்த கரிச்சான் மெல்லிய குரலில் ஆரம்பித்தது: "மளுக்... ஐயய்யோ... அம்மாஆ... தொப்!"

மான்கள் வாயை மூடிக்கொண்டு குலுங்கின. காட்டெருமை குலுங்கியது. முள்ளம்பன்றியின் முட்கள் சலசலத்தன. சத்தம் போட்டுச் சிரித்தாலாவது பதிலுக்கு உறுமலாம். சத்தமில்லாத சிரிப்புக்கு என்ன பதில் சொல்வது? சடையன் உப்பை நக்காமலே திரும்பினான்.

மறுநாளும் "தொப்!" அதற்கடுத்த நாளும் "தொப்!"

நான்காம் நாள், புதருக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் குசுகுசுத்தது. "தம்பி, கவனிச்சியா? எல்லாரும் சிரிச்சாங்க. நான் சிரிக்கலை."

வரியன் என்ற கழுதைப்புலி. வரியன் வேட்டைக்கு ஓடுவதே இல்லை. பிறர் சாகும்வரை பொறுமையாகக் காத்திருப்பான். பேச்சும் எப்போதும் காதோடு காதாகத்தான்.

"உன்னை மாதிரி ஒரு வீரனை நான் பார்த்ததே இல்லை தம்பி. இவங்களுக்கு உன் அருமை தெரியலை."

சடையன் திரும்பிப் பார்த்தான். நான்கு நாளாக அவனிடம் யாரும் நல்லதாக ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.

அன்றிலிருந்து தினமும் சந்திப்பு. முதல் வாரம் வரியன் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தான். "ம்... அப்புறம்? ம்... பாவம்டா நீ." இரண்டாம் வாரம், "உன்னைப் பார்த்து மட்டுமா சிரிச்சாங்க? கரடின்னாலே இவங்களுக்கு இளக்காரம்." மூன்றாம் வாரம், "உங்க மாமா எப்படிச் செத்தார்னு நினைக்கிற? மான் கூட்டம்தான் காட்டிக்கொடுத்துச்சு." மாமா வயதாகி, தூக்கத்தில் செத்தவர். ஆனால் மூன்றாம் வாரத்தில் சடையனுக்கு அது நினைவில்லை.

பிறகு ஒரு பெயர் வந்தது. "சடையன்! இதெல்லாம் ஒரு பேரா? இன்னிக்கு முதல் நீ பேரிடி."

வீட்டில் அம்மா கூப்பிட்டாள். "சடையா, புது கரையான் புத்து பார்த்து வச்சிருக்கேன், வாடா."

"அந்தப் பேரைச் சொல்லாதே. எனக்குப் பசிக்கலை."

"பின்னே என்ன பேரு?"

"பேரிடி."

"சரிங்க பேரிடி, உங்க தங்கச்சியைக் கொஞ்சம் தூக்கிக்கிறீங்களா? எனக்கு முதுகு வலிக்குது."

அம்மாவின் முதுகில் தொற்றிக்கொண்டிருந்த குட்டி அவனைப் பார்த்துக் கையை நீட்டியது. அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவர்களோடு சாப்பிடக் கூடாது, பேசக் கூடாது என்பது வரியன் போட்ட கட்டளை.

கடைசியில் வரியன் விஷயத்துக்கு வந்தான். மழை நின்ற எட்டாம் நாள் காலையில், அந்த வருடம் பிறந்த குட்டிகளையெல்லாம் தாய்மார்கள் திட்டுக்கு அழைத்து வருவார்கள். 'முதல் உப்பு' என்று அதற்குப் பெயர். காடே கூடியிருக்கும்.

"பாறை உச்சியில, விளிம்புல நிலையில்லாம ஆடுற ஒரு ஆடுகல் இருக்குல்ல? நீ அதுமேல ஏறி நின்னு ஆட்டினா போதும். கல்லு உருளும், பதினேழு அடையும் பிய்ஞ்சு அவங்க தலையில விழும். உங்க வீட்டு ஆளுங்க அன்னிக்கு வர மாட்டாங்க."

"நானும் சேர்ந்து விழுவேனே, அண்ணே?"

"விழுவே. ஆனா பேரு நிக்கும். போன வருஷம் ஆத்தங்கரையில கொம்பன்னு ஒரு பன்றித் தம்பி கரையை இடிச்சுச் சரிச்சான். ஒன்பது பேரோட அவனும் போனான். இன்னிக்கும் காடே அவன் பேரைச் சொல்லுது."

குழந்தைகளே, காட்டில் யாரும் அவன் பேரைச் சொல்லவில்லை. அவனுடைய அம்மா மட்டும் சில நாள் ஆற்றங்கரைக்கு வந்து நிற்பாள். அந்தப் பத்துப் பேரும் யார் வயிற்றுக்குள் போனார்கள் என்று ஒருவரும் விசாரிக்கவும் இல்லை.

இதையெல்லாம் மேல்கிளையில் இருந்து கரிச்சான் கேட்டுக்கொண்டிருந்தது. "தொப்" சொல்லியும் சடையனுக்குக் கோபம் வராமல் போனதே, ஏன் என்று பார்க்கத்தான் பின்னாலேயே வந்தது. இப்போது அதன் சிறகெல்லாம் சிலிர்த்தது. இந்தப் பேச்சை அது போன வருடமே கேட்டிருக்கிறது! அந்தப் பன்றியிடம் வரியன் சொன்ன இதே வார்த்தைகள். குரல் வேடிக்கையாக இருக்கிறதே என்று மனப்பாடம்கூடச் செய்து, நாலு நாள் எல்லோருக்கும் சொல்லிக்காட்டித் திரிந்தது. அர்த்தத்தை மட்டும் கவனிக்கவே இல்லை.

எட்டாம் நாள் விடிந்தது. சடையன் பாறை உச்சிக்கு ஏறினான். வரியன் இருபதடி பின்னால், ஒரு புதருக்குள் நின்றுவிட்டான். கரிச்சான் சடையனின் காதருகே வந்து உட்கார்ந்தது.

"சடையா, இறங்கிடு. இவன் கொம்பன்கிட்டேயும் இதையேதான் சொன்னான். கேளு: 'தம்பி, கவனிச்சியா? எல்லாரும் சிரிச்சாங்க. நான் சிரிக்கலை.'"

வரியனின் குரல், அப்படியே! சடையன் ஒரு நொடி திகைத்தான். பிறகு உறுமலை அடக்கிக்கொண்டு சொன்னான்: "நேத்து யானைக் குரல்ல முயலை ஏமாத்தின. இன்னிக்கு அண்ணன் குரல்ல என்னையா? உன்னை எவன் நம்புவான்?"

ஊரை ஏய்த்த வாய்க்கு உண்மை சொல்லும்போது மரியாதை இருக்குமா?

"சரி, நம்பாதே," என்றது கரிச்சான். "சிரிப்பை ஆரம்பிச்சு வச்சதும் நான்தான், தப்புதான். ஒண்ணே ஒண்ணு செய். அவனை உன் பக்கத்துல வந்து நிக்கச் சொல்லு. என்ன பதில் வரும்னு இப்பவே சொல்றேன், கொம்பனுக்கும் இதேதான் வந்துச்சு: 'எனக்கு மட்டும் ஆசை இல்லையா தம்பி... க்ஹும்... ஆனா உன் புகழைப் பாட ஒருத்தன் உயிரோட இருக்கணுமில்ல? அந்தப் பாரத்தை நான் சுமக்கிறேன். நீ சுகமாப் போயிடு.'"

"போ!" என்று அடிக்குரலில் சீறி, சடையன் கையை ஓங்கினான். கரிச்சான் பறந்தது.

சடையன் ஆடுகல்லில் ஒரு காலை வைத்தான். கல் லேசாக அசைந்தது. கீழே எட்டிப் பார்த்தான். நேற்றுப் பிறந்தது போல ஒரு மான்குட்டி, நாலு காலையும் நாலு பக்கம் வைத்துத் தள்ளாடியது. அதற்குப் பின்னால், மெல்ல மெல்ல, அம்மா. முதுகில் தங்கச்சி.

"அண்ணே," என்றான் சடையன். "எங்க வீட்டு ஆளுங்க வர மாட்டாங்கன்னு சொன்னீங்களே. அம்மா வந்திருக்கா. தங்கச்சிக்கு இன்னிக்கு முதல் உப்பு."

"பேரிடிக்கு ஏது அம்மா?" புதர் குசுகுசுத்தது. "ரெண்டாவது காலையும் வை."

சடையன் இரண்டாவது காலைத் தூக்கினான். தூக்கிய கால் அந்தரத்தில் நின்றது.

"வைக்கிறேன் அண்ணே. தனியா இருக்கப் பயமா இருக்கு. நீங்களும் பக்கத்துல வந்து நில்லுங்க."

புதருக்குள்ளிருந்து உருக்கமாக ஒரு பெருமூச்சு.

"எனக்கு மட்டும் ஆசை இல்லையா தம்பி..."

சடையனின் காது விறைத்தது.

"...க்ஹும்..."

அதே இடத்தில், அதே இருமல்.

"ஆனா உன் புகழைப் பாட..."

"...ஒருத்தன் உயிரோட இருக்கணுமில்ல?" என்று முடித்தான் சடையன். "அந்தப் பாரத்தை நீங்க சுமப்பீங்க. நான் சுகமாப் போயிடணும். அப்படித்தானே, அண்ணே? கொம்பனுக்கும் இதே இடத்துலதான் இருமினீங்களா?"

அவன் தூக்கிய காலைத் தரையில் வைத்தான். ஆடுகல்லில் இருந்த காலையும் எடுத்துவிட்டான்.

வரியனுக்கு ஒரு மாதப் பசி. கீழே காடே விருந்தாக நின்றுகொண்டிருந்தது. ஒரு வருடமாகக் காத்த பொறுமை ஒரு நொடியில் போயிற்று. குசுகுசுப்பு போயிற்று. வாழ்நாளில் முதல் தடவையாக அவன் தொண்டை கிழியக் கத்தினான்:

"ஏய்! கோழைப் பயலே! ஏறுடா!"

பாறையின் நெற்றி கறுத்தது. 'ஹும்ம்ம்' என்று ஒரு முழக்கம். பதினேழு அடைகளும் எழுந்து, கத்தியவனைத் தேடி உச்சிக்கு வந்தன.

கரடிக்குத் தேனீயைத் தெரியும். சடையன் மூக்கைக் கைகளுக்குள் புதைத்துக்கொண்டு கல் மாதிரிக் கிடந்தான். கழுதைப்புலிக்கு அது தெரியாது. ஓடினான். ஓடுபவனை மலைத்தேனீ விடுமா? முதல் மலை வரை துரத்தியது, இரண்டாம் மலை வரை துரத்தியது. மூன்றாம் மலைக்கு அப்பால் அவனுடைய ஊளை தேய்ந்து மறைந்தது. அதற்குப் பிறகு அவனை அந்தக் காட்டில் யாரும் பார்க்கவில்லை.

கீழே இருந்தவர்கள் சட்டப்படி மூச்சைக்கூட அடக்கி நின்றார்கள். ஒருவரையும் ஒரு தேனீயும் தொடவில்லை.

புதைத்தும் தப்பாத மூக்கு பலாக்காயாக வீங்கி, சடையன் இறங்கி வந்தான். கிளையில் கரிச்சான் இருந்தது. இப்படி ஒரு மூக்கு! வாழ்நாளுக்கெல்லாம் போதுமான வேடிக்கை! அது அலகைத் திறந்தது. பிறகு, அதற்கே ஆச்சரியமாக இருந்திருக்கும், மூடிக்கொண்டது.

அம்மா நகர்ந்து இடம் விட்டாள். "எங்கே போயிருந்தீங்க, பேரிடி?"

"சடையன்தான்மா," என்று முனகியபடி உட்கார்ந்தான். உட்கார்ந்த வேகத்தில் மண் "தொப்" என்றது. தங்கச்சி வாயை மூடிக்கொண்டு குலுங்கினாள். சடையனுக்கும் வயிறு குலுங்கியது.

நீதி: "உயிரைக் கொடு" என்று கேட்பவனிடம், "நீயும் பக்கத்தில் வந்து நில்" என்று கேட்டுப் பார்.