எட்டுத் துளைகள்

அன்று கொட்டகைக்குள் இருந்தவர்கள் நான்கு பேர். புரொப்பெல்லர் வேலை கற்றுக்கொடுக்கும் சவேரியம்மாள். அவரிடம் மூன்று வருடமாகக் கற்றுக்கொண்டிருந்த பொன்னுரங்கம். பார்க்க வந்த செங்கோடன் என்ற எண்பத்தாறு வயதுக்காரர். அவரைக் கைபிடித்து அழைத்து வந்த மகள் தமயந்தி. கார் ஓட்டி வந்தவர் வேப்பமரத்தடியில் தூங்கிவிட்டதால் அவரைச் சேர்க்கவில்லை.

கொட்டகை பழைய ஓடுதளம் ஒன்றின் ஓரத்தில் இருந்தது. ஒரு காலத்தில் விமானப்படைப் பையன்கள் பறக்கப் பழகிய இரட்டை இருக்கை விமானங்களை வாங்கி, பழுது பார்த்து, மறுபடி பறக்க வைக்கும் ஒரு சங்கத்துக்குச் சொந்தமானது. அந்த விமானங்களின் மூக்கில் சுழலும் புரொப்பெல்லர்கள் மரத்தால் ஆனவை. பலகை மேல் பலகை ஒட்டிச் செதுக்கி, முனையில் பித்தளைத் தகடு பொதிந்தவை. இது எந்த விமானத்துடையது, எந்தப் பக்கம் சுற்றும், இன்னும் பறக்கத் தகுமா என்று சொல்வது சவேரியம்மாளின் வேலை.

அவருக்கு வயது நாற்பத்து நான்கு. பொன்னுரங்கத்துக்கு அறுபத்தொன்று. முப்பது வருடம் கட்டிலும் பீரோவும் செய்துவிட்டு, கடையை மகனிடம் விட்டு இங்கே வந்து சேர்ந்தவர். அவர் சவேரியம்மாளை டீச்சர் என்பார். டீச்சர் அவரை அண்ணே என்பார். வந்த புதிதில் ஒரு புரொப்பெல்லரைத் தடவிப் பார்த்துவிட்டு, இவ்வளவு வழவழப்பு போதும் என்று பொன்னுரங்கம் சொன்னார்.

"கட்டில் உடைஞ்சா ஒன்றரை அடிதான் விழுவாங்க அண்ணே" என்றார் டீச்சர்.

அதற்குப் பிறகு போதும் என்ற சொல் அவர் வாயிலிருந்து அந்தக் கொட்டகைக்குள் வந்ததில்லை.

போன மாதம் சங்கம் ஒரு லாரி பழைய சாமான் வாங்கியிருந்தது. அதில் விபத்தில் உடைந்த புரொப்பெல்லர்கள் மூன்று இருந்தன. பிளேடுகள் போய் நடுக்கட்டை மட்டும் மிஞ்சியவை இரண்டு. ஒரு பிளேடு முழுசாக நின்றது ஒன்று. அந்தச் செய்தியை எங்கேயோ கேட்டுத்தான் தமயந்தி தன் அப்பாவை அழைத்து வந்திருந்தார்.

பெரியவர் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது தமயந்தி பொன்னுரங்கத்தைத் தனியாகக் கூப்பிட்டார். தன் அண்ணன் பெயர் குணசீலன் என்றார். பறக்கப் பழகும்போதே, இருபத்தொரு வயதில், வற்றிக் கிடந்த சொந்த ஊர் ஏரிக்குள் விமானத்தோடு விழுந்து செத்தான். முப்பத்தெட்டு வருடம் ஆகிறது. ஊருக்கு மேலே தாழப் பறந்து வேடிக்கை காட்டினான், அதனால் விழுந்தான் என்று விசாரித்தவர்கள் சொன்னார்கள். ஊரும் அதையேதான் சொன்னது. அப்பா மட்டும் இல்லை என்றார். நடுவானத்தில் இன்ஜின் நின்றுபோனது, பையன் மேல் தப்பில்லை என்று அன்றிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார்.

"அந்தக் கட்டை என்ன சொன்னாலும் சரிங்க, இன்ஜின் நின்னுருச்சுன்னே சொல்லிருங்க. அவருக்கு இன்னும் எத்தனை நாளுங்க?" என்றார் தமயந்தி.

பொன்னுரங்கத்துக்கும் ஒரே மகன். அவர் தலையசைத்தார்.

டீச்சர் மூன்று கட்டைகளையும் மேஜையில் வைத்தார். ஒன்றை எடுத்துப் பார்த்ததும் தள்ளி வைத்தார். மிஞ்சிய அடிப்பாகத்தின் முறுக்கு வேறு பக்கம் போனது. அது வலப்பக்கம் சுற்றும் இன்ஜினுக்குச் செய்தது, குணசீலன் ஓட்டிய விமானத்தில் பொருந்தாது. மற்ற இரண்டும் ஒரே ஜாதி. இரண்டிலும் நீளமும் முறுக்கும் ஒரே அளவாகப் பொறிக்கப்பட்டிருந்தன. எந்த விமானத்தில் மாட்டினார்களோ அதன் வால் எண்ணை அந்தக் காலத்து மெக்கானிக்குகள் நடுக்கட்டையின் பின்புறம் வண்ணத்தால் எழுதிவைப்பது வழக்கம். டீச்சர் மண்ணெண்ணெய்த் துணியால் மெதுவாகத் துடைத்தார். பிளேடு இரண்டும் போன கட்டையில் அழுக்குக்கு அடியிலிருந்து மஞ்சளாக ஏதோ வந்தது.

அவர் படிப்பதற்குள் பெரியவர், "கடைசி மூணும் நாலு ஒண்ணு ஏழுங்களா?" என்று கேட்டார்.

நான்கு, ஒன்று, ஏழுதான்.

பெரியவர் நாற்காலியை இழுத்துப் போடச் சொல்லி, கட்டையை மடியில் வாங்கிக்கொண்டார். டீச்சர் கையைக் கழுவிவர வெளியே போனார்.

"தம்பி, இது கீழ விழறப்ப இன்ஜின் ஓடிட்டிருந்துச்சா? நின்னுருச்சா?"

பொன்னுரங்கத்துக்கு விடை தெரியும். தெரிந்துகொள்ள அவருக்கு முழுசாக ஒரு வருடம் ஆகியிருந்தது. நடுக்கட்டையில் எட்டு போல்ட் துளைகள் உண்டு. நின்றுபோன இன்ஜினோடு விழுந்தால் ஒரு பிளேடு தரையில் பட்டு ஒடியும், மேலே நிற்கிற பிளேடு தப்பித்துக்கொள்ளும், துளைகள் வட்டமாகவே இருக்கும். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தால் மரம் தரையில் மாட்டி நின்ற பிறகும் இன்ஜின் ஒரு கணம் திருப்பிக்கொண்டே இருக்கும். எட்டு போல்ட்டும் எட்டுத் துளையையும் ஒரே பக்கமாக இழுத்துக் கிழிக்கும்.

தமயந்தி தன் அப்பாவின் நாற்காலிக்குப் பின்னால் நின்று பொன்னுரங்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நின்னுருச்சுங்க ஐயா" என்றார் பொன்னுரங்கம்.

தமயந்தி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பெரியவர் நூற்பாலையில் முப்பத்தைந்து வருடம் ஃபிட்டராக இருந்தவர். கண்ணில் புரை விழுந்திருந்தது, விரலில் விழவில்லை. சுண்டுவிரலை ஒரு துளைக்குள் விட்டார். சுற்றிப் பார்த்துவிட்டு எடுத்தார். அடுத்ததில் விட்டார். அப்படி எட்டும் முடிந்தது.

டீச்சர் உள்ளே வந்தார்.

"அம்மிணி, நீங்க சொல்லுங்க" என்றார் பெரியவர்.

பின்னாலிருந்து தமயந்தி வேண்டாம் என்று தலையாட்டினார். பொன்னுரங்கம் கையைக் கட்டிக்கொண்டு நின்ற விதத்திலேயே அவர் என்ன சொல்லியிருப்பார் என்பது தெரிந்தது. டீச்சர் இரண்டு பேரையும் பார்த்தார். பிறகு ஒரு பிளேடு முழுசாக நின்ற மற்றக் கட்டையைத் தூக்கிவந்து பெரியவர் முன்னால் வைத்தார்.

"இது வேற விமானத்துடையதுங்கய்யா. இன்ஜின் நின்னு நெல்லு வயல்ல இறங்குச்சு. ஓட்டுனவர் சேறோட எழுந்து நடந்து போயிட்டார். இதையும் தொட்டுப் பாருங்க."

பெரியவர் தொட்டார். இதற்கு எட்டுத் துளையும் தேவைப்படவில்லை. மூன்றிலேயே நிறுத்திக்கொண்டார்.

"இது வட்டமா இருக்குது."

"ஆமாங்கய்யா."

"பையனுது நீண்டிருக்குது. எட்டும் ஒரே பக்கம்."

"ஆமா."

"அப்ப ஓடிட்டுத்தான் இருந்துச்சு."

"ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு. முழு வேகத்துல. அவர் ஏன் அவ்வளவு தாழ வந்தார்னு இந்தக் கட்டைக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. இன்ஜின் நிக்கலை. அது மட்டும்தான் தெரியும்."

தமயந்திக்குக் கோபம் வந்தது. உங்கள் வீட்டில் யாரும் சாகவே இல்லையா என்று டீச்சரைக் கேட்டார். படித்த வேலையைக் காட்ட வேறு ஆள் கிடைக்கவில்லையா, ஒரு வார்த்தை மாற்றிச் சொன்னால் உங்கள் விமானம் பறக்காதா என்றும் கேட்டார்.

"இரு பிள்ளை" என்றார் பெரியவர்.

பிறகு பொன்னுரங்கத்தின் பக்கம் திரும்பி, நிதானமாகச் சொன்னார். பெரியவருக்கு அர்த்தநாரி என்று ஒரு தம்பி. விமானம் விழுந்த அன்று ஏரிக்கரையில் மாடு மேய்த்துக்கொண்டிருந்தவன். கண்ணால் பார்த்தவன் அவன் ஒருத்தன்தான். கடைசிவரைக்கும் இன்ஜின் சத்தம் கேட்டது அண்ணா என்று சொன்னான். பொய் சொல்லுகிறான், என் பிள்ளை மேல் பழி போடுகிறான் என்று அவனை வாசலில் வைத்தே அடித்தார். அன்றோடு பேச்சு நின்றது. அவன் மகள் கல்யாணத்துக்குப் போகவில்லை. ஒரே தெரு, எதிரில் வந்தால் இவர் சந்துக்குள் திரும்பிவிடுவார்.

"இன்னைக்குப் பதிமூணு நாளாச்சு, அவன் போயி. எழவுக்கு நான் போகலை. பொய்க்காரன் எழவுக்கு எதுக்குப் போறதுன்னு வீட்டுக்குள்ளயே உட்கார்ந்திருந்தேன். தப்படிக்கிற சத்தம் கேட்டுட்டே இருந்துச்சு. அதுக்கப்புறம் தூக்கம் வரலை. நாளன்னைக்கிக் கருமாதி. போறதா வேண்டாமான்னு தெரியணும். அதுக்குத்தான் வந்தேன்."

தமயந்தி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். அப்பா இதற்காக வந்தார் என்று அவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

பெரியவர் கட்டையை மேஜையில் வைத்தார். எடுத்துப் போகிறீர்களா, துணியில் சுற்றித் தரவா என்று டீச்சர் கேட்டார். அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன் அம்மிணி என்றார். எழுந்து இரண்டடி நடந்தவர் நின்றார்.

"நீங்க சொன்னது கேட்க நல்லா இருந்துச்சு தம்பி. உங்க மேல கோபமில்லை. அதே வார்த்தையைத்தான் நானும் ஊர் பூராச் சொன்னேன்."

வெளியே மகளிடம், வண்டியை நேரே சித்தப்பா வீட்டுக்கு விடச் சொல் என்றார். கருமாதி நாளை மறுநாள்தானே என்றார் மகள். பெரியவர் காரில் ஏறிக்கொண்டார். ஏறும்போது கால் வழுக்கியது. பொன்னுரங்கம் ஓடிப்போய்ப் பிடித்தார். பெரியவரின் கை அவர் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்து, பிறகு விட்டது.

கார் போன தூசி அடங்கும்வரை பொன்னுரங்கம் வாசலிலேயே நின்றார். டீச்சர் சாப்பிடக் கூப்பிட்டார். பசியில்லை என்றார். வெகுநேரம் கழித்துத்தான் உள்ளே வந்தார்.

"செத்த தம்பி இனி வரப்போறதில்லைங்க டீச்சர். செத்த பையனும் வரப்போறதில்லை. இருக்கிற நாலு நாளும் அந்த மனுஷன் அழுதே சாவார். பாவம்னு ஒரு பொய் சொன்னேன். அதுகூட ஒரு கிழவர்கிட்டத்தான். பறக்கப்போற மரத்தைப் பத்தி நான் பொய் சொன்னதில்லீங்களே."

டீச்சர் ஒரு துணியை எடுத்து வாளித் தண்ணீரில் நனைத்துப் பிழிந்தார்.

கொட்டகையின் தெற்குச் சுவரில் ஏழு புரொப்பெல்லர்கள் ஆணியில் மாட்டியிருந்தன. மழைக்காலம் முடிந்து இனி பறக்க எடுப்பவை. போன வாரம் நான்கு நாள் பொன்னுரங்கம் ஒவ்வொன்றாக இறக்கி, நாணயத்தால் தட்டிக் கேட்டு, ஒட்டு விட்டிருக்கிறதா என்று பார்த்து, தகுதி என்று நடுக்கட்டையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டிருந்தார். அவர் கோடு போட்டால் விமானத்தில் மாட்டிவிடுவார்கள்.

டீச்சர் முதல் கோட்டைத் துடைத்தார். இரண்டாவதைத் துடைத்தார். ஏழாவது வரைக்கும் போய்விட்டு, துணியை அலசிக் கொடியில் போட்டார்.

"நாலு நாள் வேலைங்க டீச்சர்."

"ஆமா அண்ணே."

"எதுக்குங்க?"

"நீங்க கோடு போட்டதை நான் மறுபடி தட்டிப் பார்த்ததில்லை. இன்னைக்குக் காலையில வரைக்கும்."

பொன்னுரங்கம் சட்டைப்பையிலிருந்து நாணயத்தை எடுத்தார். முதல் புரொப்பெல்லரை இறக்கி, மரம் அறுக்க வைக்கும் மரக்குதிரையில் வைத்து, நுனியிலிருந்து விரல்கடை விரல்கடையாகத் தட்டிக்கொண்டு வந்தார். மரம் ஒரே மாதிரி கணீர் என்றது, எங்கும் ஒட்டு விடவில்லை. திருப்பிப் போட்டு அந்தப் பக்கமும் தட்டினார். கோடு போட்டார். இரண்டாவதை இறக்கினார்.

ஐந்தாவது, அவரே பசை தடவி ஒட்டியது. உடைந்த ஓரத்தில் புதுப்பலகை வைத்து, இருபது நாள் இறுக்கி வைத்திருந்து, கட்டிலுக்குக்கூட அப்படி மெருகு போட்டதில்லை என்று சொல்லிக்கொண்டே செய்தது. ஞாயிற்றுக்கிழமை பறக்க வேண்டிய விமானத்துடையது. ஓட்டப்போகிற பையன் தினமும் வந்து, முடிஞ்சுதாங்க மாமா, முடிஞ்சுதாங்க மாமா என்று கேட்டுவிட்டுப் போவான். நுனியிலிருந்து ஒரு சாண் உள்ளே நாணயம் பட்டதும் சத்தம் மந்தமாக வந்தது. திரும்பத் தட்டினார். மந்தமாகத்தான் வந்தது. போன வாரமும் அவர் அதைக் கேட்டிருந்தார். தகரக் கூரையில் மழை விழுகிற சத்தத்தில் அப்படிக் கேட்கிறது என்று நினைத்துக்கொண்டு கோடு போட்டிருந்தார்.

இன்றைக்கு மழை இல்லை.

அதைச் சுவரில் மாட்டாமல் தரையில் சாய்த்து வைத்தார். ஆறாவதை இறக்கினார்.

அன்று முடியவில்லை. மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் தட்டினார். நான்காம் நாள் சாயங்காலம் டீச்சர் சாவியை எடுத்துக்கொண்டு வந்து நின்றார்.

"எத்தனைக்குப் போட்டீங்க அண்ணே?"

"ஆறு."

"மீதி?"

பொன்னுரங்கம் தரையில் சாய்த்து வைத்திருந்த ஐந்தாவதைக் காட்டினார்.

மீதி ஒன்று.