காலி முக்காலிக்கும் ஒரு துண்டு

"இந்தப் பொம்பள தாயா, பேயா? எனக்கு இந்த வேஷம் வேண்டாம் டீச்சர்."

ரொட்டியை மேஜையில் போட்டுவிட்டு சீனியம்மாள் இப்படித்தான் ஆரம்பித்தாள்.

ராஜபாளையத்தில் எங்கள் மில் தொழிற்சங்கக் கட்டடத்து மாடியில் நாடக ஒத்திகை. மே தினத்துக்கு எட்டு நாள்தான் இருந்தது. சீனியம்மாளுக்கு வயசு ஐம்பத்தொன்று, மில்லில் நூல் சுற்றுகிறவள். டீச்சர் ஜெசிந்தாவுக்கு முப்பத்திமூணு. வயசைப் பார்த்தால் சீனியம்மாள்தான் பாடம் சொல்லணும். ஆனால் நடிப்பு விஷயத்தில் ஜெசிந்தாதான் எங்கள் எல்லாருக்கும் குரு. அதிகம் பேசமாட்டாள், அது ஒன்றுதான் தலைவலி.

நான் வேலுச்சாமி. அந்த நாடகத்தில் சீனியம்மாளுக்குப் புருஷன்.

கதை அமெரிக்காவில் நடக்கிறது. எழுதினவர் பேரு என் வாயில் நுழையாது. நிலக்கரிச் சுரங்கத்தை மூடிவிட்டார்கள். புருஷன் குடிக்கிறான், அடிக்கிறான். ரெண்டு பிள்ளைகள். மூணு நாளாக அடுப்பு எரியவில்லை. சர்ச்சில் இருந்து ஒரு ரொட்டி வருகிறது. லோரெட்டா என்கிற அந்தப் பெண் மேஜை முன்னால் உட்கார்ந்து, எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, முழு ரொட்டியையும் ஒத்தையாளாகத் தின்கிறாள். ஒரு வார்த்தை பேசுவதில்லை. அத்தோடு நாடகம் முடிந்தது.

அமெரிக்காவிலும் பட்டினி கிடக்கிறார்கள் என்பதையே நாங்கள் அப்போதுதான் கேள்விப்பட்டோம்.

"இவ ஏன் டீச்சர் திங்கிறா?"

"பசி," என்றாள் ஜெசிந்தா.

"பசிச்சா? பெத்த பிள்ளைக முழிச்சுப் பாத்துக்கிட்டு இருக்கையிலயா?"

ஜெசிந்தா ரொட்டியை அவள் பக்கம் நகர்த்தினாள்.

சீனியம்மாள் உட்கார்ந்தாள். ரொட்டியை எடுத்துப் பிய்த்தாள். முதல் துண்டை எனக்குக் கொடுத்தாள். பிள்ளைகளாக நடிக்க ஆள் கிடைக்காமல் ரெண்டு முக்காலி போட்டிருந்தோம். அந்தக் காலி முக்காலி ரெண்டிலும் ஆளுக்கொரு துண்டு வைத்தாள். மேஜையில் சிந்தின தூளை வழித்து வாயில் போட்டுக்கொண்டாள்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"என்ன இளிப்பு? கை தானாப் போயிருச்சு," என்றாள்.

நாலு தடவை எடுத்தோம். நாலு தடவையும் கை தானாகத்தான் போனது. எனக்கு வயிறு நிறைந்துவிட்டது.

மறுநாள் முகமெல்லாம் வெளிச்சமாக வந்தாள்.

"புஸ்தகத்தோட பின்னட்டையில போட்டிருக்கு டீச்சர். மனம் பிறழ்ந்த ஒரு தாயின் கதைன்னு. அவளுக்குக் கிறுக்கு. இப்பப் புரிஞ்சிருச்சு."

கொண்டையை அவிழ்த்துவிட்டாள். கண்ணை உருட்டினாள். ரொட்டியைக் கடித்துக் குதறினாள். பார்க்கவே பயமாக இருந்தது. நான் கைதட்டினேன்.

ஜெசிந்தா எழுந்து வந்து, தரையில் கிடந்த ஹேர்பின்னை எடுத்து அவள் கையில் கொடுத்தாள்.

"முடியைக் கட்டுங்க."

"ஏன் டீச்சர், நல்லா இல்லையா?"

"பின்னட்டை எழுதினவருக்குப் பிடிக்கும்."

"பின்ன அவளுக்கு என்னதான் கோளாறு? சின்ன வயசுல அடி வாங்கினவளா? புருஷன் கொடுமையா? அவளும் குடிக்கிறாளா?"

"எல்லாம் இருக்கலாம்."

"அதனாலதான் திங்கிறாளா?"

"இல்ல. பசி."

சீனியம்மாள் என்னைப் பார்த்தாள். நான் விட்டத்தைப் பார்த்தேன். வேலை முடிந்து வீட்டுக்குப் போகாமல் இந்த டீச்சரிடம் வந்து மாட்டிக்கொண்டோமே என்று எரிச்சலாக வந்தது.

அடுத்து நடந்த கூத்துக்கு நான்தான் காரணம். டீக்கடையில் கருத்தப்பாண்டியைப் பார்த்தேன். அவன்தான் சீனியம்மாளின் நிஜப் புருஷன். பொண்டாட்டி மேல் கை நீட்டுகிற ஆள், எங்கள் தெருவுக்கே தெரியும். தெரிந்தும் எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"அண்ணே, கடைசி சீன்ல அக்கா பிள்ளைகளுக்குக்கூடக் குடுக்காம முழு ரொட்டியையும் தின்னுரும்," என்று உளறிவிட்டேன்.

ரெண்டு நாள் சீனியம்மாளைக் காணவில்லை. மூணாம் நாள் மத்தியானம் ஷிப்டு முடிந்து நேராக வந்தாள். முகம் செத்துப்போயிருந்தது.

"அவரு சொல்லிட்டாரு டீச்சர். ஊருக்கு முன்னாடி அந்த ரொட்டியைத் தின்னுட்டு என் வீட்டு வாசப்படி மிதிக்காதங்காரு. முப்பத்தோரு வருசம் நான் கெடந்த வீடு. இப்ப நான் என்ன செய்ய? நீங்க சொல்லுங்க."

ஜெசிந்தா பையில் இருந்து சாப்பாட்டு டப்பாவை எடுத்துத் திறந்தாள். புளிச்சோறு, ஒரு அவிச்ச முட்டை. எங்கள் முன்னாலேயே சாப்பிட ஆரம்பித்தாள்.

ஒரு பேச்சுக்குக்கூட சாப்பிடுறீங்களா என்று கேட்கவில்லை. எங்கள் ஊர்ப் பக்கம், எதிரே இருக்கிறவரைக் கேட்காமல் டீகூடக் குடிக்கமாட்டோம். சண்டைக்காரன் வந்து நின்றாலும் வாங்க சாப்பிடலாம் என்று சொல்லிவிட்டுத்தான் கை நனைப்போம். இவள் பாட்டுக்குத் தின்கிறாள். முட்டையை ரெண்டாக விண்டு, ரெண்டையும் அவளே வாயில் போட்டுக்கொண்டாள். கடைசிப் பருக்கை வரை வழித்துத் தின்றாள்.

சீனியம்மாள் அந்தக் காலி டப்பாவைப் பார்த்தாள்.

"குடும்பமே போகுதுன்னு வந்து நிக்கேன். ஒரு வார்த்தை கேக்கணும்னு உங்களுக்குத் தோணல பாருங்க."

ஜெசிந்தா கை கழுவிவிட்டு வந்தாள்.

"கோபமா?"

"கோபம்தான்."

"எதுக்கு?"

"காலையில இருந்து பச்சத்தண்ணி பல்லுல படல எனக்கு. பாத்தாத் தெரியலையா?"

"நீங்க சொல்லலையே."

"இதை வாயவிட்டு வேற சொல்லணுமா?"

"சொல்லிப் பாருங்க."

சீனியம்மாள் வாயைத் திறந்தாள். வார்த்தை வரவில்லை. மில்லில் சூப்பர்வைசரை நேருக்கு நேர் நின்று கேள்வி கேட்கிறவள் அவள். அவளுக்கு இந்த ஒரு சொல் வரமாட்டேன் என்கிறது.

"பசிக்குது," என்றாள் கடைசியில். பக்கத்தில் நின்ற எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"இதைக் கடைசியா யார்கிட்ட சொன்னீங்க?"

சீனியம்மாள் விரலை மடக்கி வருசத்தை எண்ணிப் பார்த்தாள்.

"எங்கம்மாகிட்ட. கல்யாணத்துக்கு முன்னாடி."

சொல்லிவிட்டு அழுதாள். எனக்கு என் வீட்டு ஞாபகம் வந்தது, பொய் சொல்வானேன். என் பொண்டாட்டி எனக்கு முந்திச் சாப்பிட்டு நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. அதை அன்றைக்கு வரை நான் யோசித்ததும் இல்லை.

ஜெசிந்தா பையில் இருந்து இன்னொரு டப்பாவை எடுத்து சீனியம்மாள் முன்னால் வைத்தாள். அதிலும் புளிச்சோறு, முட்டை. சீனியம்மாள் மூடியைத் திறந்தாள். உடனே என் பக்கம் திரும்பினாள்.

"தம்பி, நீங்க ஒரு வாய்..."

ஜெசிந்தா சும்மா பார்த்தாள். அவ்வளவுதான். சீனியம்மாள் வாயை மூடிக்கொண்டு டப்பாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். எனக்கு முட்டை என்றால் உயிர். இருந்தாலும் நான் கேட்கவில்லை.

அவள் சாப்பிட்டு முடித்ததும் ஜெசிந்தா சொன்னாள்: "வேணும்னா வேற ஆளைப் போட்டுக்கிறேன். வீடு உங்க வீடு. அங்க நான் வந்து இருக்கப்போறதில்ல."

சீனியம்மாள் முந்தானையால் வாயைத் துடைத்தாள்.

"வேற யாரைப் போடுவீங்க? போட்டுத்தான் பாருங்களேன்."

மே தினத்தன்று சாயங்காலம் மில் கேட்டுக்கு எதிரே மேடை. முந்நூறு பேர் இருப்பார்கள். கருத்தப்பாண்டி முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சீனியம்மாளும் அவனைப் பார்த்துவிட்டாள். எனக்குத்தான் வேர்த்து ஊற்றியது.

கடைசி சீன். அவள் மேஜை முன்னால் உட்கார்ந்தாள். ரொட்டியை எடுத்துப் பிய்த்தாள். கை என் பக்கம் வரப் பார்த்தது. பாதியில் நின்றது. பிறகு தன் வாய்க்குப் போனது.

கூட்டத்தில் சலசலப்பு. அடிப்பாவி என்று ஒரு பெண் குரல் கேட்டது. அவள் ரெண்டாவது துண்டைப் பிய்த்தாள்.

கருத்தப்பாண்டி எழுந்தான்.

"ஏய், போதும். எந்திரிச்சு வா."

நாடகத்தில் இப்படி ஒரு வசனம் கிடையாது. புருஷன் வேஷத்தில் நிற்கிற எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. டீச்சரைத் தேடினேன். மேடை ஓரத்தில் நின்றிருந்தாள். ஒரு சாடையும் காட்டவில்லை.

"காதுல விழலையா? இப்ப வரலேன்னா அப்புறம் எப்பவும் வரவேண்டாம்."

சீனியம்மாள் வாயில் இருந்ததை நிதானமாக மென்று விழுங்கினாள். அவனை நேராகப் பார்த்தாள்.

"உக்காருங்க," என்றாள். "நான் சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன்."