பூவாயியின் வரவேற்புரை

ஒலிபெருக்கி வருவதற்கு முன்பே நம்மவர்களுக்கு மேடையில் பேச்சை நிறுத்தத் தெரியாது. நம்பாவிட்டால் செண்பக மாறன் ஆண்ட ஊரில் நடந்ததைக் கேளுங்கள்.

அங்கே பெரிய கலாசாலை ஒன்று இருந்தது. மாதம் ஒருநாள் மத்தியானம் பொதுச் சொற்பொழிவு. பதினெட்டு ஊர் ஜனங்களும் வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். கோயிலில் சாயரட்சை மணி அடித்தால் சபை கலைந்துவிட வேண்டும். அது அரசனின் பாட்டனார் வைத்த வழக்கம்.

கலாசாலைத் தலைவர் வாகீசப் பண்டிதர் வரவேற்புரை சொல்வார். அவருடைய நண்பர்கள் நால்வரும் அறிமுகவுரை, தலைமையுரை, இரண்டு வாழ்த்துரை என்று பங்கு போட்டுக்கொள்வார்கள். வரவேற்புரையில் குறுக்கிட்டால் விருந்தாளிக்கு அவமரியாதை என்று பண்டிதர் விதி வேறு போட்டிருந்தார். சிறப்புரை சொல்ல வந்தவர் எழுந்திருக்கும்போது மணி அடிக்கும்.

அந்த வருஷம் பெரிய ஏரியின் கரையில் வெடிப்பு கண்டது. கரை கட்டுவதில் கைதேர்ந்த பூவாயி என்பவளை அழைத்தார்கள். எந்த ஊரார் எந்த இடத்தை எப்படி அடைப்பது என்று அவள் ஜனங்களுக்கு விளக்க வேண்டும். முதல் மாதம் “சபைக்கு வணக்கம்” என்றாள். மணி அடித்தது. அடுத்த மாதம் “கரையில” என்றாள். மணி அடித்தது.

இனி ஒரே ஒரு கூட்டம்தான். அது முடிந்த பத்தாம் நாள் மழைக்காலம். கரை உடைந்தால் பதினெட்டு ஊரும் வெள்ளத்தில் போகும்.

அரசன் அமைச்சர் அழகர்நம்பியைக் கூப்பிட்டான். “நம்பி, பூவாயி பேசி முடிக்க வேண்டும். ஆனால் பண்டிதர்களைப் பேச வேண்டாம் என்று சொல்லக்கூடாது. என்மேல் வசைகவி பாடிவிடுவார்கள். வழக்கமும் மாறக்கூடாது. முடியாவிட்டால் உமக்குப் பதவி இல்லை.”

நம்பி நேரே பண்டிதர் வீட்டுக்குப் போனார்.

“சுவாமி, மனசு கேட்கவில்லை. இவ்வளவு பெரிய ஞானஸ்தர் வாசலில் நிற்பவன் மாதிரி ‘வாங்க, வாங்க’ என்று சொல்வதா? இந்த முறை ஐந்து பேருக்கும் சிறப்புரை!”

பண்டிதர் முகம் மலர்ந்துவிட்டது. “ஐவருக்குமா? அப்படியானால் வரவேற்புரை?”

“யாராவது சொல்லட்டும். அந்தப் பூவாயி சும்மாதானே இருக்கிறாள்?”

“நன்றாகச் சொன்னீர்! அவளுக்கு அது போதும்” என்று பண்டிதரே அழைப்போலையில் கையெழுத்துப் போட்டார். நண்பர்கள் நால்வரும் வாழ்த்துரையையும் மற்றதையும் சந்தோஷமாகக் கைகழுவினார்கள்.

கூட்ட நாள் வந்தது. ஐவரும் பொன்னாடையோடு மேடையில் அமர்ந்தார்கள். பூவாயி எழுந்தாள்.

“மகாராஜாவுக்கும் பெரியவங்களுக்கும் வணக்கம். பத்து நாள்ல ஒரு விருந்தாளி வரப்போறாரு. மழை. அவரை எப்படி வரவேற்கிறதுன்னு சொல்றேன், கேட்டுக்குங்க. வடக்கு மடையில வெடிப்பு. அது மேலூர்க்காரங்க பொறுப்பு…”

பண்டிதர் துள்ளினார். “அம்மா, இது என்ன…”

“சுவாமி!” நம்பி பதறிப்போய் உதட்டில் விரல் வைத்தார். “வரவேற்புரையில் குறுக்கிடலாமா?”

பண்டிதர் உட்கார்ந்துவிட்டார். பூவாயி ஒரு வெடிப்பையும் விடவில்லை. ஜனங்கள் எழுந்து கேள்வி கேட்டார்கள், அவள் பதில் சொன்னாள். கேட்கவே அவ்வளவு நிம்மதியாக இருந்தது. அவள் உட்கார்ந்தாள், மணி அடித்தது.

“எங்கள் சிறப்புரை?” என்று கத்தினார் பண்டிதர்.

அரசன் முகம் சுருங்கியது. “நம்பி, பண்டிதர்கள் பேச்சை நிறுத்தக்கூடாது என்றேனே?”

“நிறுத்தவில்லை பிரபு, பத்திரமாக வைத்திருக்கிறேன். நாளை விடிந்ததும் ஏரிக்கரையில் ஊரே மண் சுமக்கிறது. இவர்களும் கூடை சுமந்துகொண்டே பேசலாம். அங்கே மணியும் கிடையாது. கரை அடைபடும்வரை பேசட்டும்.”

“கூடையா?” பண்டிதர் தொண்டையைப் பிடித்துக்கொண்டார். “எனக்குக் காலையிலிருந்தே தொண்டை கட்டியிருக்கிறது!”

மற்ற நால்வரும் ஒரே நேரத்தில் இருமினார்கள்.

அரசன் வயிறு குலுங்கச் சிரித்தான். பூவாயிக்கு முத்துமாலையைக் கழற்றிக் கொடுத்தான். ஒன்பதே நாளில் கரை அடைபட்டது. பத்தாம் நாள் மழை கொட்டியது. ஏரித் தண்ணீர் ஒரு சொட்டுக்கூட ஊருக்குள் ஒழுகவில்லை.

“நம்பி, என்ன பரிசு வேண்டும்? கேளும்!” என்றான் அரசன்.

நம்பி கைகூப்பினார்.

“பாராட்டு விழா மட்டும் வைத்துவிடாதீர்கள், பிரபு!”